பத்துக் கூப்பாட்டுக்கு முன்பணம்

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் ஒரு குழந்தை தன் தகப்பனை "அபா!" என்று வாய்விட்டுக் கூப்பிடுவதற்கு விலை ஐம்பது வெள்ளி. அதே நாளில் இரண்டாம் முறை கூப்பிட்டால் நூறு வெள்ளி. மூன்றாம் முறைக்கு விலை போடப்படவில்லை. அது "மேல்நடவடிக்கை" என்ற வகையில் வருகிறது. நான் கொடுக்கல் வாங்கலில் வளர்ந்தவன். சேர்த்து வாங்கினால் விலை இறங்கும் என்பதுதான் எனக்குத் தெரிந்த உலகம். வாங்க வாங்க விலை ஏறும் சரக்கை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

சரக்கின் தரத்தையும் சொல்லிவிட வேண்டும். ஏழாம் மாடியில் ருஸ்லான் குடும்பம். அவன் பேருந்து ஓட்டுகிறான். மனைவி சல்மியா வீட்டிலேயே கறிபாப் பலகாரம் பொரித்து விற்கிறாள். ஒரே மகள் கைசரா, வயது ஆறு. மாலையில் வேலை முடிந்து கார் நிறுத்துமிடத்தின் திருப்பத்தில் ருஸ்லான் தலை தெரிந்ததும், மேலே நடைபாதைக் கம்பிகளுக்கு நடுவில் முகத்தைப் பொருத்திக்கொண்டு நிற்கும் அந்தப் பெண் "அபாஆ!" என்று ஒரு குரல் கொடுப்பாள். குரல் கார்களைத் தாண்டிப் போய் எதிர் புளோக்கில் மோதித் திரும்பி வரும். அதைக் கேட்டு ஆறாம் மாடிச் சீன அம்மாள் ஆண்டி லாவ் சோற்றுப் பானையின் பொத்தானைத் தட்டுவார். நாலாம் மாடிப் பெரியவர் ரத்த அழுத்த மாத்திரையை விழுங்குவார். கீழ்த்தளத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் நான் விளக்கைப் போடுவேன். அது சத்தம் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

ஆண்டி லாவுக்குக்கூடத் தோன்றவில்லை. வாயில் வந்துவிட்டது, அவ்வளவுதான். பிறகு அவரே என் கடையில் நின்று சொன்னார்.

"குழாய் ஒழுகுதுன்னு சொல்லத்தான் நகர மன்ற ஆபீசுக்குப் போனேன். நம்பர் எடுத்து ஒரு மணி நேரம் உக்கார வெச்சுட்டாங்க. குழாயைச் சொல்ல ரெண்டு நிமிஷம்கூட ஆகலை. 'வேற ஏதாச்சும் இருக்கா ஆண்டி?'ன்னு அந்தப் பொண்ணு கேட்டா. அவ்ளோ நேரம் காத்துக் கிடந்துட்டு ஒரே புகாரோட எந்திரிச்சு வந்தா நஷ்டம்தானே? புறா அசிங்கம் பண்ணுதுன்னேன். இன்னும் ஏதாச்சும்னா. பிள்ளைங்க கத்துதுன்னு சொல்லிவெச்சேன்."

"குழாய் சரியாயிடுச்சா?"

"எங்க?" என்றார் ஆண்டி லாவ்.

குழாய் இன்றும் ஒழுகுகிறது. புறாக்கள் நலமாக இருக்கின்றன. மூன்றாவது புகாருக்கு மட்டும் ஒரு குழு பிறந்தது.

பெயர், பொது இடச் சிறார் அமைதிக் குழு. தலைவர் திரு டே, ஓய்வு பெற்ற துணைத் தலைமையாசிரியர். செயலாளர் மேடம் சோங், பக்கத்துத் தெருவில் டியூஷன் நிலையம் நடத்துபவர். தொடக்க விழா எங்கள் கீழ்த்தளத்தில் நான்கு ஒலிபெருக்கிகளோடும் சிங்க நடனத்தோடும் அமர்க்களமாக நடந்தது. மேள அதிர்ச்சியில் என் கடை அலமாரியில் இருந்த சாஸ் புட்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டே இருந்தன.

"நாங்க சத்தத்துக்கு விரோதி இல்லை," என்று திரு டே மைக்கில் முழங்கினார். "அனுமதி இல்லாத சத்தத்துக்குத்தான் விரோதி. கல்யாணத்துக்கு அனுமதி இருக்கு. சாவுக்கு அனுமதி இருக்கு. ஏழாம் மாசப் பேய்த் திருவிழா ஏலத்துக்கு அனுமதி இருக்கு. இன்னைக்கு இந்த மேளத்துக்கும் இருக்கு, நானே கையெழுத்துப் போட்டேன். ஒரு குழந்தை என்னைக்காவது கத்துறதுக்கு முன்னாடி விண்ணப்பம் போட்டிருக்கா? ஒண்ணு சொல்லுங்க பார்ப்போம்!"

முன்வரிசையில் ஒரு கைக்குழந்தை மேளத்துக்குப் பயந்து அழுதது. அதன் தாயை மிகவும் மரியாதையாக வெளியே அழைத்துப் போனார்கள்.

மறுவாரம் ருஸ்லான் ஒரு தாளோடு கடைக்கு வந்தான். பேருந்து ஓட்டுகிற சட்டை, தொப்பி கக்கத்தில்.

"அண்ணே, இது என்ன பில்லு? தண்ணியா, கரண்டா?"

வாசித்தேன். "கூப்பாடு. செவ்வாய்க்கிழமை சாயந்தரம், ஏழாம் மாடி. ஐம்பது வெள்ளி."

"யார் கூப்பிட்டா?"

"உன் மக."

"யாரை?"

"உன்னைத்தான்."

தாளை நாலாக மடித்தான். காது சிவந்தது. "எல்லாருக்கும் தெரியுமா அண்ணே?" என்று மெதுவாகக் கேட்டான். ஐம்பது வெள்ளி போனதைவிட அதுதான் அவனை உறுத்தியது. தெரியாமல் என்ன? தாளின் ஒரு நகலை லிஃப்டுக்குப் பக்கத்துப் பலகையில் குத்தியிருந்தார்கள்.

பேரம் பேச ஆள் வேண்டுமென்று என்னையும் கூட்டிக்கொண்டு திரு டேயைப் பார்க்கப் போனான். அவர் எழுந்து நின்று கைகொடுத்தார். அபராதம் கட்டியவர்களிடம் அவருக்கு நல்ல மரியாதை உண்டு.

"சார், எவ்ளோ சத்தமா கூப்பிட்டா தப்பில்லை?" என்று ருஸ்லான் கேட்டான்.

"அப்பாவுக்குக் கேக்குற அளவு."

"நான் கீழ இருக்கேன் சார். அவ ஏழாம் மாடியில."

"அப்ப பக்கத்துல வந்ததுக்கப்புறம் கூப்பிடச் சொல்லுங்க."

"பக்கத்துல வந்துட்டா எதுக்கு சார் கூப்பிடணும்?"

திரு டே மலர்ந்துபோனார். "பார்த்தீங்களா! தேவையே இல்லைன்னு நீங்களே சொல்லிட்டீங்க. இந்தத் தெளிவு எல்லாப் பெற்றோருக்கும் வரணும். மேடம் சோங், இவர் சொன்னதை எழுதிக்குங்க, பத்திரிகையில போடலாம்."

நான் இடையில் புகுந்து, "மாசத்துக்கு மொத்தமா ஒரு விலை பேசிக்கலாமா சார்?" என்றேன். தொழில் பழக்கம். அவர் என்னைச் சந்தையில் அழுகிய மீனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "இது வியாபாரம் இல்லை, பண்பாடு," என்றார். சுவரில் விலைப்பட்டியல் தொங்கியது.

குழு கல் நெஞ்சம் படைத்ததல்ல என்பதைக் காட்ட, புதன்கிழமைகளில் அரை மணி நேரம் குழந்தைகள் சத்தம் போடலாம் என்று ஒரு சலுகை வந்தது. இடம், கீழ்த்தளத்தில் மூன்றாம் தூணுக்கும் ஐந்தாம் தூணுக்கும் நடுவில். பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும். எங்கள் ஊர்ப் பெற்றோரிடம் "பத்துப் பேருக்கு மட்டும்" என்ற சொல்லைச் சொல்லிவிட்டு யாரும் சும்மா இருக்க முடியாது. சாப்பாட்டுக் கடையில் மேசை பிடிப்பதற்கு டிஷ்யூ பொட்டலத்தை வைத்துவிட்டுப் போவார்களே, அதேபோல் புதன்கிழமை விடியும்போதே மூன்றாம் தூணுக்கும் ஐந்தாம் தூணுக்கும் நடுவில் டிஷ்யூ பொட்டலங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அன்று காலையில் மட்டும் என் கடையில் இரண்டு பெட்டி விற்றது.

மாலையில் மணி அடித்ததும் பத்துப் பிள்ளைகளைத் தரையில் வரைந்த கட்டங்களில் நிறுத்தினார்கள். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றன.

"கத்து! நேரம் போகுது பாரு!" என்றாள் ஒரு தாய்.

"என்னன்னு கத்துறது?"

"ஏதாச்சும்! பக்கத்து வீட்டு ஜுன் வெய் எப்படிக் கத்துறான் பாரு! நீ ஏன் இப்படி நிக்கிற?"

மூன்று வாரத்தில் அந்த அரை மணி கைவிடப்பட்டது. பிள்ளைகளுக்குச் சத்தத்தில் ஆர்வமில்லை என்று அறிக்கை வந்தது.

அதற்குள் மேடம் சோங்கின் டியூஷன் நிலையத்தில் "அமைதி" என்ற புதுப் பாடம் தொடங்கியிருந்தது. அடிப்படை நிலை, உயர்நிலை என்று இரண்டு வகுப்புகள். அடுத்த ஆண்டு பள்ளியில் இதற்கும் மதிப்பெண் வரும் என்று யாரோ சொன்னார்கள். யார் என்று இதுவரை தெரியவில்லை. ஆனால் ஒரே வாரத்தில் இடமெல்லாம் நிரம்பிவிட்டது. அங்கே போய்ப் பார்த்தவர்கள் சொன்னது: மேசையிலிருந்து தட்டு விழும், பிள்ளை கத்தக் கூடாது. பலூன் வெடிக்கும், கத்தக் கூடாது. ஏதாவது வேண்டுமென்றால் உள்ளங்கையைத் தோளுக்கு மேலே தூக்கிக் காட்ட வேண்டும். பெரியவர்கள் பார்க்கும்வரை இறக்கக் கூடாது.

ருஸ்லான் அங்கே சேர்த்துவிட்ட கைசரா முதல் தேர்வில் கடைசி. பலூன் வெடித்ததும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டாளாம். முடிவைப் பலகையில் குத்தினார்கள். அதிலிருந்து ருஸ்லான் லிஃப்டில் ஏறினால், மகள் வாயைத் திறப்பதற்கு முன்பே உள்ளே இருப்பவர்களிடம் "மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க" என்று ஆரம்பித்துவிடுவான். தலையைக் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு வருவான். அந்தப் பெண் அவன் முகத்தைப் பார்ப்பாள். பிறகு அவளும் தன் செருப்பைப் பார்ப்பாள்.

இரண்டாம் தேர்வில் அவள் முதல்.

சல்மியா அன்று எனக்கு இரண்டு கறிபாப் கொடுத்தனுப்பினாள். மாலையில் ருஸ்லான் திருப்பத்தில் வந்தான். மேலே கம்பிகளுக்கு நடுவில் முகம் இருந்தது. உள்ளங்கை உயர்ந்தது. அவனும் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டான். அன்று ஆண்டி லாவ் வீட்டில் சோறு தாமதமானது. நான் இருட்டில் உட்கார்ந்திருந்து, வாடிக்கைக்காரர் ஒருவர் திட்டிய பிறகுதான் விளக்கைப் போட்டேன்.

பள்ளி விடுமுறையில் ஒரு மத்தியானம் சல்மியா மகளை முட்டை வாங்க அனுப்பினாள். ஐந்து முட்டையைப் பையில் போட்டுக் கொடுத்தேன். கை காட்டிவிட்டுப் போனாள். அதன் பிறகு வீடு போய்ச் சேரவில்லை.

சல்மியா மாவுக் கையோடு கீழே ஓடிவந்தாள். ருஸ்லானுக்குத் தகவல் போய், அவன் வேறு ஓட்டுநரிடம் பேருந்தைக் கொடுத்துவிட்டு வந்து சேர்ந்தான். கார் நிறுத்துமிடத்தின் நடுவில் நின்று "கைசராஆ!" என்று கத்தினான். மகளுக்குக் குரல் எங்கேயிருந்து வந்தது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஆரஞ்சு மேல்சட்டை போட்ட குழுத் தொண்டர் பொன்னுதுரை ஓடிவந்தார். கையில் சத்தம் அளக்கும் கருவி.

"தம்பி, கொஞ்சம் மெதுவா. முள்ளு சிவப்பைத் தாண்டிடுச்சு."

"என் பொண்ணைக் காணோம்!"

"புரியுதுப்பா, எனக்கும் பொண்ணு இருக்கு. ஆனா காணாமப் போனதுக்குன்னு தனி விதி ஒண்ணும் இல்லையே. நாங்களும் கூட வந்து தேடுறோம். மெதுவாத் தேடுவோம்."

ருஸ்லான் அவரைப் பார்த்தான். மாடிகளில் வரிசையாகத் தெரிந்த தலைகளைப் பார்த்தான். குரலை இறக்கிக்கொண்டான்.

புளோக்கே தேடியது. திரு டே முதற்கொண்டு எல்லோரும் இறங்கினார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. மாடிப்படிகளிலும் குப்பை அறையிலும் சைக்கிள்களுக்குப் பின்னாலும் "கைசரா... கைசரா..." என்று கிசுகிசுத்துக்கொண்டே போனோம். காஸ் கசிவதுபோல் ஒரு சத்தம் புளோக் முழுவதும் நிறைந்திருந்தது.

இரண்டு லிஃப்டில் ஒன்று மத்தியானத்திலிருந்தே நின்றுபோயிருந்தது. பழுது பார்ப்பவன் தொலைபேசியில் "உள்ள யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டதற்கு, பொன்னுதுரை கதவில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "சத்தமே இல்லை, யாரும் இல்லை," என்று சொல்லியிருந்தார். யாரும் இல்லாத லிஃப்டுக்கு என்ன அவசரம்? அவன் மற்ற வேலைகளை முடித்துவிட்டு விளக்கு வைத்த பிறகு வந்தான்.

கதவைத் திறந்தபோது கைசரா உள்ளே நின்றுகொண்டிருந்தாள். லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றதால், கதவிலிருந்த சின்னக் கண்ணாடிக்கு வெளியே சிமெண்டுச் சுவர்தான். அந்தச் சுவரைப் பார்த்து உள்ளங்கையைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். வலக்கை வலித்தால் இடக்கை, இடக்கை வலித்தால் வலக்கை என்று மாற்றிக்கொண்டாளாம். அவசர மணிக்கு மேலே "அடிக்கும் முன் யோசி" என்று குழு ஒட்டிய ஸ்டிக்கர் இருந்தது. யோசித்திருக்கிறாள். பாவாடை நனைந்திருந்தது. முட்டை ஒன்றுகூட உடையவில்லை.

ருஸ்லான் மண்டியிட்டு உட்கார்ந்து அவளைப் பிடித்துக்கொண்டான். "ஏம்மா கூப்பிடலை? நாங்க இங்கதானே போய்ட்டு போய்ட்டு வந்தோம்? கேக்கலையா?"

"கேட்டுச்சு," என்று அவன் காதில் சொன்னாள். பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது. "கூப்பிட்டா ஐம்பது வெள்ளி அபா. முதல் தடவை உங்களுக்குக் கேக்கலைன்னா ரெண்டாவது நூறு."

எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்தோம். கூட்டத்தில் திரு டே மட்டும் தலை நிமிர்ந்து நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. வருத்தம் என்று நினைத்தேன். பெருமிதம் என்று, குழு நடத்திய அமைதி வாரத்தின் நிறைவு விழாவில்தான் தெரிந்தது.

அதே கீழ்த்தளம், அதே ஒலிபெருக்கிகள். இம்முறை மலாய்ப் பறைக்குழுவும் சேர்ந்துகொண்டது. தங்கப் பதக்கத்துக்குரியவள் பெயரைச் சொல்வதற்கு முன் திரு டே பேசினார்.

"அஞ்சு மணி நேரம்! ஒரு சின்னக் குழந்தை, இருட்டு லிஃப்டுக்குள்ள தன்னந்தனியா! அழுதாளா? இல்லை. மணி அடிச்சாளா? இல்லை. வெளிய ஐம்பது பேர் தேடுனோம், ஒருத்தருக்காச்சும் தொந்தரவு குடுத்தாளா? இல்லவே இல்லை! உள்ள ஆள் இருக்குன்னே நமக்குத் தெரியலைன்னா, அந்த ஒழுக்கத்தை என்னன்னு சொல்றது? நம்ம திட்டம் வேலை செய்யுதான்னு சில பேர் கேட்டாங்க. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

மேளம் முழங்கியது. பொன்னுதுரையின் கருவி அன்று பையிலேயே இருந்தது. பதக்கத்தைக் கைசராவின் கழுத்தில் மாட்டினார்கள். பரிசுக் கூடை ஒன்றை ருஸ்லானிடம் கொடுத்தார்கள். அதில் பிஸ்கட், மைலோ, மேடம் சோங்கின் உயர்நிலை வகுப்புக்குக் கட்டணச் சலுகைச் சீட்டு. பிறகு மைக்கை அவன் வாயருகே நீட்டினார்கள்.

அவன் கழுத்து நரம்பு புடைத்தது. ஏதோ வரப்போகிறது என்று நான் கடை வாசலில் எழுந்து நின்றேன். புகைப்படக்காரன் விளக்கடித்தான். முன்வரிசை முழுக்கப் புன்னகைத்தது.

"ரொம்ப நன்றி," என்றான் ருஸ்லான்.

கூடையோடு நேரே என் கடைக்கு வந்து, அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தான்.

"நன்றின்னு சொல்லிட்டேன் அண்ணே."

"மேடையில ஏத்துனா எவனுக்கும் அதுதான்பா வரும்."

"அது பரவாயில்லை. அன்னைக்கு அந்தக் கதவைத் தாண்டி மூணு தடவை போனேன். கதவுக்கு அந்தப் பக்கம் எம்பொண்ணு. இந்தப் பக்கம் நான் கிசுகிசுன்னு கூப்பிட்டேன். எம்பொண்ணைக் காணோம், நான் அக்கம்பக்கத்துக்காரன் என்ன நினைப்பானோன்னு குரலைக் குறைச்சேன்." கூடையை என் பக்கம் தள்ளினான். "இதை வித்துக்குங்க. வீட்டுக்குள்ள கொண்டுபோக முடியாது."

நான் வாங்கிக்கொள்ளவில்லை. அது அங்கேயே கிடந்தது. எதையும் விலைக்கு எடுத்துக்கொள்ளும் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இப்படி ஒரு சரக்கு வந்ததில்லை.

மறுநாள் காலை அவன் குழு அலுவலகத்துக்குப் போய் ஐந்நூறு வெள்ளியை மேசைமேல் வைத்தான். நானும் கூட இருந்தேன். பேரம் பேச வேண்டாம் என்று சொல்லித்தான் கூட்டிப் போனான்.

"என்ன இது?" என்றார் மேடம் சோங்.

"பத்துக் கூப்பாட்டுக்கு முன்பணம். என் மக கூப்பிடுறதுக்கு."

மேடம் சோங் விதிகளைப் புரட்டினார். "முன்பணம்னு இதுல இல்லையே."

"வாங்கக் கூடாதுன்னு இருக்கா?"

"அப்படியும் இல்லை." அவர் உள்ளே போய் வந்தார். திரு டேயும் கூடவே வந்தார்.

"அருமை!" என்றார் திரு டே. "தப்பு பண்றதுக்கு முன்னாடியே அபராதம் கட்டுற பெற்றோரை நான் என் அனுபவத்துல பார்த்ததில்லை. இதை எல்லா புளோக்குக்கும் கொண்டுபோகலாம். மேடம், ரசீது குடுங்க. ஒரு நாளைக்கு ஒண்ணு. மாசக் கடைசிக்குள்ள பயன்படுத்தலைன்னா காலாவதி, பணம் திரும்ப வராது."

ருஸ்லான் ரசீதை மகளிடம் கொடுத்து, எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டினான். பத்துத் தடவை. கட்டியாகிவிட்டது. இனிமேல் காசு கிடையாது. பயப்படாதே. அவள் ரசீதைத் தலையணைக்கடியில் பத்திரமாக வைத்துக்கொண்டாளாம்.

செய்தி புளோக் முழுக்கப் பரவிவிட்டது. அன்று மாலை வழக்கமான நேரத்துக்கு ஆண்டி லாவ் அரிசியைக் களைந்து பானையில் போட்டுவிட்டு, பொத்தானைத் தட்டாமல் நடைபாதைக்கு வந்து நின்றார். "நான் சத்தமா இருக்குன்னுதான் சொன்னேன், நிறுத்தச் சொல்லலையே," என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். நாலாம் மாடிப் பெரியவர் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். பொன்னுதுரை மேல்சட்டையைக் கழற்றிச் சுருட்டி அக்குளில் வைத்திருந்தார். நான் விளக்கின் சுவிட்சில் கைவைத்து நின்றேன்.

ருஸ்லான் திருப்பத்தில் வந்தான். நின்றான். மேலே பார்த்தான்.

கம்பிகளுக்கு நடுவில் கைசராவின் முகம். வாயைத் திறந்தாள். இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள். ஒவ்வொரு கதவிலும் பெரியவர்கள் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டு உள்ளங்கையைத் தூக்கினாள்.

கீழே ருஸ்லானுக்குக் கையைத் தூக்க மனம் வரவில்லை. தூக்காமல் இருந்தால் அவள் இறக்க மாட்டாள். தூக்கினான்.

மறுநாளும் நின்றோம். அதற்கு மறுநாளும். மாதம் முடிந்தது. கடையில் கணக்கு முடிக்கும் நாளில், எனக்குச் சம்பந்தமில்லாத இந்தக் கணக்கையும் ஒரு பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். பாக்கிக்காரர் பெயர் என்ற இடத்தில் ருஸ்லான் என்று எழுதப் போய், அதை அடித்துவிட்டு, புளோக்கின் எண்ணை எழுதினேன்.

பணம் கட்டியது, பத்துக் கூப்பாட்டுக்கு.
காதில் கேட்டது, ஒன்றுமில்லை.
வரவேண்டிய பாக்கி, பத்து.